அடமானச் சொத்தை மீட்கும் வழி: முதலில் கணக்கு, பிறகு கடன் மாற்றம்

விவசாயி வாங்கும் கடன் இரண்டு விதம். விதைக்கும் எருவுக்கும் வாங்கி அறுவடையில் திருப்பிக் கொடுப்பது ஒன்று. நிலத்தையோ வீட்டையோ ஈடாக எழுதிக் கொடுத்து வாங்கி, வருஷக்கணக்கில் வட்டி மாத்திரம் செலுத்தி வருவது மற்றொன்று. முதலாவது பயிரோடு தொடங்கிப் பயிரோடு முடிகிறது. இரண்டாவது தகப்பனார் கையெழுத்தில் தொடங்கி, மகன் கையெழுத்தில் புதுப்பிக்கப்பட்டு, பேரன் காலத்தில் கோர்ட்டு ஏலத்தில் முடிவதும் உண்டு.

இவ்விரண்டாம் வகைக் கடனில் தவணை தவறியவர், சொத்துக் கையைவிட்டுப் போவதற்கு முன் செய்யக்கூடியது யாது என்பதே இங்கு விளக்கப்படுகிறது. சென்னை மாகாணத்தில் 1929 முதல் சர்க்கார் உத்தரவாதத்தின் பேரில் நடைபெற்ற நில அடமான பாங்கிகளின் அனுபவம் இதற்கு நல்ல பாடமாகும். பழைய கடனை ஒரு பாங்கியின் பணத்தால் அடைத்து, அந்தப் பாங்கிக்கு நீண்ட தவணையில் செலுத்தி வருவதே அவற்றின் முறை. இதனால் சொத்தைக் காப்பாற்றிக்கொண்டவர் அநேகர். ஆனால் கடன் கொடுத்தவரை மாற்றுவதனால் மாத்திரம் கடன் தீர்ந்துவிடுவதில்லை. அசல் சரியாகக் கணக்கிடப்பட்டு, வட்டி தணிந்து, தவணைத் தொகை நிலத்தின் வருமானத்துக்குள் அடங்கினால்தான் தீரும். இம்மூன்றும் எந்த வரிசையில் நடைபெற வேண்டும் என்பதைச் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கடன் வளரும் விதம்

பழைய தென்னார்க்காடு ஜில்லாவில், இன்றைய கடலூர் மாவட்டத்தில், கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே ரயில் பாதையில் அமைந்துள்ளது மேல்பட்டாம்பாக்கம். கெடிலம் ஆற்றை அடுத்த இப்பிரதேசத்தில் புன்செயில் மணிலாக் கொட்டையும், தண்ணீர் வசதியுள்ள இடங்களில் நெல்லும் கரும்பும் பயிராகி வந்தன. பக்கத்து நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருப்பது யாவரும் அறிந்ததே. மணிலாக் கொட்டையும் கரும்பும் பணப் பயிர்கள். அவற்றின் விலையை ஊரார் நிர்ணயிப்பதில்லை. தூர தேசத்துச் சந்தைகளே நிர்ணயிக்கின்றன.

1929-க்குப் பின் உலகெங்கும் வியாபார மந்தம் ஏற்பட்டபோது, நாலைந்து வருஷங்களுக்குள் நெல், மணிலா ஆகியவற்றின் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கடன் பத்திரத்தில் எழுதிய தொகையோ விழவில்லை. பத்து மூட்டை விற்று வட்டி கட்டியவர் இருபது மூட்டை விற்க வேண்டியதாயிற்று. நிலம் அதே நிலம். விளைவும் அதே விளைவு. கடனின் பாரம் மாத்திரம் இரட்டித்தது. சென்னை மாகாண பாங்கி விசாரணைக் கமிட்டி 1930-ல் விவசாயிகளின் கடனைச் சுமார் 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 1935-ல் விசேஷ அதிகாரியாக விசாரணை செய்த சத்தியநாதன் அது 200 கோடியாயிற்று என்று கண்டார்.

இவ்வளவு வேகமாகக் கடன் பெருகும் காரணத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒரு விவசாயி தம் நிலத்தை ஈடு வைத்து, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 1,000 ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வருஷ வட்டி 120 ரூபாய். அவரால் வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்ட முடிகிறது. குறைந்த 20 ரூபாய் அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறுகிறது. பத்து வருஷங்களில் அவர் கட்டிய பணம் 1,000 ரூபாய். பத்தாம் வருஷக் கடைசியில் அவர் பேரில் நிற்கும் கடனோ சுமார் 1,350 ரூபாய். வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கொடுத்த பிறகும், வாங்கினதைவிட அதிகமாகக் கடன்பட்டு நிற்கிறார். அவர் சோம்பேறியல்லர், ஊதாரியுமல்லர். வட்டியின் ஏற்றமே அவரைத் தாழ்த்தியது.

தவணை முறையின் பலன்

அதே 1,000 ரூபாய் நூற்றுக்கு 6 வட்டியில், 20 வருஷச் சம தவணையில் கிடைத்தால் என்ன நேரும்? வருஷந்தோறும் கட்ட வேண்டியது சுமார் ரூ. 87-3-0. முதல் வருஷத்தில் இதில் 60 ரூபாய் வட்டிக்கும், ரூ. 27-3-0 அசலுக்கும் போகும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, அசலுக்குப் போகும் பங்கு ஏறிக்கொண்டே வரும். கடைசி வருஷத்தில் வட்டி சுமார் 5 ரூபாய்தான். அத்துடன் கடன் தீர்ந்து, பத்திரம் கைக்கு வந்துவிடும்.

முன் சொன்ன விவசாயி வருஷம் 100 ரூபாய் கட்டியும் கடனில் மூழ்கினார். 87 ரூபாய் சில்லறை கட்டியவரோ கரையேறுகிறார். இருவருடைய உழைப்பிலும் நிலத்திலும் பேதமில்லை. வட்டி விகிதமும், அசலைச் சிறுகச் சிறுகக் கழிக்கும் ஏற்பாடுமே பேதம்.

கிராம நாணயச் சங்கங்கள் இத்தகைய கடன் கொடுக்க ஏற்பட்டவையல்ல. 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் தொடங்கிப் பரவிய இச்சங்கங்களின் பணம், குறுகிய காலத்துக்கு வாங்கிய வைப்புத் தொகைகளிலிருந்தும் மத்திய பாங்கிக் கடனிலிருந்தும் வருவது. ஒரு வருஷத்தில் திருப்ப வேண்டிய பணத்தை இருபது வருஷத்துக்குக் கடன் கொடுத்தால் சங்கமே தடுமாறும். சாகுபடிக்கென்று சங்கத்தில் பணம் வாங்கி அதை ஈட்டுக் கடனின் வட்டிக்குக் கட்டும் அங்கத்தினர், எரு இல்லாமல் பயிரையும் கெடுத்துக்கொண்டு சங்கத்திலும் தவணை தவறுகிறார். நீண்ட காலக் கடனுக்குத் தனி ஸ்தாபனம் தேவைப்பட்டது இதனால்தான்.

சர்க்கார் உத்தரவாதம் செய்த உதவி

இந்தியாவில் முதல் நில அடமான பாங்கி 1920-ல் பஞ்சாப் மாகாணத்து ஜங் என்னுமிடத்தில் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் 1929-ல் சென்னை கூட்டுறவு மத்திய நில அடமான பாங்கி ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. 1934-ல் இப்பாங்கிகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

ஏற்பாடு இவ்விதம் நடந்தது. அந்தந்தப் பகுதியிலுள்ள ஆரம்ப நில அடமான பாங்கி, விவசாயியின் நிலத்தை ஈடாகப் பெற்றுக்கொள்ளும். அந்த ஈட்டுப் பத்திரங்களை மத்திய பாங்கியின் பேரில் மாற்றிக் கொடுக்கும். மத்திய பாங்கி அவற்றை ஆதாரமாக வைத்து டிபெஞ்சர் என்னும் கடன் பத்திரங்களைப் பொது ஜனங்களுக்கு விற்றுப் பணம் திரட்டும். கூட்டுறவு இலாகா ரிஜிஸ்திரார் அப்பத்திரங்களை வாங்கியவர்களின் நன்மைக்காக டிரஸ்டியாக இருந்து வந்தார். பத்திரங்களுக்குச் சர்க்கார் உத்தரவாதம் அளித்தது. அதை நம்பிப் பட்டணத்துப் பணம் குறைந்த வட்டிக்கு வந்தது. வந்த பணம் சிறு லாபம் சேர்த்துக் கிராமத்துக்குக் கொடுக்கப்பட்டது.

இதில் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. விவசாயியின் கடனைச் சர்க்கார் கட்டவில்லை. தள்ளிக் கொடுக்கவும் இல்லை. தன் நாணயத்தைப் பின்னணியாக வைத்து வட்டியைத் தணித்துக் கொடுத்தது, அவ்வளவே. சர்க்கார் சம்பந்தப்பட்ட கடன் என்றால் கட்டாவிட்டாலும் பாதகமில்லை என்று எண்ணுவோர் எக்காலத்திலும் உளர். அவ்வெண்ணம் தவறு என்பது பின்னால் விளங்கும்.

அமெரிக்காவில் வீடுகள் மீண்ட கதை

இதே காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வீட்டுக் கடன்காரர்களுக்கு இத்தகைய ஆபத்து நேர்ந்தது. வேலை இழந்தும் கூலி குறைந்தும் தவணை கட்ட முடியாமல் லட்சக்கணக்கானோர் வீட்டை இழக்கும் நிலையில் இருந்தனர். 1933 ஜூன் மாதத்தில் அத்தேசத்து சர்க்கார் வீட்டுச் சொந்தக்காரர் கடன் கார்ப்பொரேஷன் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. அது கடன் கொடுத்தவர்களுக்குத் தன் பத்திரங்களைக் கொடுத்துப் பழைய ஈட்டைத் தான் வாங்கிக்கொண்டது. வீட்டுக்காரருக்கு நூற்றுக்கு 5 வட்டியில் 15 வருஷத் தவணை கொடுத்தது. 1939-ல் கஷ்டப்படுவோருக்குத் தவணையை 25 வருஷம் வரை நீட்டவும் இடம் அளிக்கப்பட்டது.

மூன்று வருஷங்களுக்குள் சுமார் பத்து லட்சம் கடன்களை அது ஏற்றுக்கொண்டது. 1951-ல் கணக்கை முடித்தபோது சர்க்காருக்கு நஷ்டம் உண்டாகாமல் சொற்ப லாபமே மிஞ்சியது. ஆயினும் அவ்வளவு சலுகை பெற்றவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முடிவில் வீட்டை இழந்தனர். வருமானமே நின்றுபோனவருக்கு எந்தத் தவணையும் நீண்ட தவணையாகாது. கடன் மாற்றம் வருமானம் குறைந்தவருக்கு உதவும். வருமானமே இல்லாதவருக்கு அது மாத்திரம் போதாது.

முதலில் கணக்கு

சென்னை மாகாணத்தில் அக்காலத்தில் கடனைக் குறைக்கவும் சட்டங்கள் பிறந்தன. 1935-ல் விவசாயிகள் கடன் சட்டம் திருத்தப்பட்டு, பழைய கடனைத் தீர்ப்பதற்கும் சர்க்கார் நேராகக் கடன் கொடுக்க இடம் ஏற்பட்டது. 1936-ல் கடன் சமரசச் சட்டம் வந்தது. கடன்பட்டவரையும் கொடுத்தவரையும் ஒருங்கே அழைத்து, செலுத்தத்தக்க தொகையை இருவர் சம்மதத்தின் பேரில் நிர்ணயிக்க அதன்படி போர்டுகள் அமைக்கப்பட்டன. ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது இயற்றப்பட்ட சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் 1938 மார்ச் 22 முதல் அமலுக்கு வந்தது.

இச்சட்டம் 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களுக்கு ஒரு கணக்கையும், பின் வாங்கியவற்றுக்கு மற்றொரு கணக்கையும் வகுத்தது. முந்திய கடன்களில், 1937 அக்டோபர் 1-ல் நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி ஆயிற்று. அசலுக்கு இரட்டிப்பான தொகையை அசலாகவோ வட்டியாகவோ ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. இரட்டிப்புக்குக் குறைந்திருந்தால், அந்தக் குறைவு, நிலுவை அசல் ஆகிய இரண்டில் எது சிறிதோ அதைக் கொடுத்தால் போதும். பிந்திய கடன்களுக்கு, சட்டம் அமலுக்கு வந்த நாள் வரை நூற்றுக்கு 5 வீதம் தனி வட்டியே கணக்கிடப்பட்டது.

உதாரணமாக, 1925-ல் 500 ரூபாய் வாங்கிய ஒருவர் அதுவரை 800 ரூபாய் கட்டியிருந்தால், இரட்டிப்பாகிய 1,000 ரூபாய்க்குக் குறைவு 200; அவர் கொடுக்க வேண்டியது அந்த 200 ரூபாய்தான். 300 ரூபாய் மாத்திரம் கட்டியவருக்கு அக்குறைவு 700. கட்டியதெல்லாம் வட்டிக்கே போயிருந்தால் நிலுவை அசல் 500. ஆகவே அவர் கொடுக்க வேண்டியது 500. இடையில் நோட்டைப் புதுப்பித்து, வட்டியைச் சேர்த்துப் பெருந்தொகையாக எழுதியிருந்தாலும், அதே கடன் கொடுத்தவரிடம் முதன்முதலில் கைக்கு வந்த பணமும் பின்னர் உண்மையாக வாங்கிய பணமுமே அசலாகக் கொள்ளப்பட்டன.

மேற்கண்ட விதியில் ‘அதே கடன் கொடுத்தவரிடம்’ என்பது மிகவும் கவனிக்கத்தக்கது. அதோடு, கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நில அடமான பாங்கிகளுக்கும் சேர வேண்டிய கடன்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றும் விதிக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளைவு தெளிவாகும். பழைய கடனைச் சட்டப்படி குறைத்துக் கணக்கிட்ட பின் பாங்கிக்கு வந்தவர், குறைந்த தொகையை நீண்ட தவணையில் செலுத்தினார். கணக்குப் பாராமல், கடன் கொடுத்தவர் சொன்ன தொகை முழுவதையும் பாங்கிப் பணத்தால் அடைத்தவருக்கோ, அநியாய வட்டியெல்லாம் பாங்கியில் புது அசலாக ஏறிக்கொண்டது. அதைப் பிறகு குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. கடன் மாறிய நாளிலேயே பழைய வரலாறு அழிந்துபோகிறது. ஆகையால் முதலில் கணக்கு, பிறகே மாற்றம்.

நேர்மையான கடன் கொடுத்தவருக்கும் இதில் லாபமுண்டு. பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து வாங்கும் பெருந்தொகையைவிட, கையோடு கிடைக்கும் சற்றுக் குறைந்த ரொக்கமே அநேகருக்கு மேலானது. வட்டி ஆசை முதலுக்கு நட்டம் என்று ஜனங்கள் சொல்லுவதும் இதைத்தான். பாங்கியிலிருந்து ரொக்கம் வரத் தயாராக இருக்கிறது என்ற நிலையில் பேசினால்தான் சமரசம் எளிதில் கைகூடும்.

பாங்கி ஆராய்ந்த விஷயங்கள்

நில அடமான பாங்கி மனுதாரரின் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பதில்லை. நிலம் அவருக்கு எவ்வழியில் வந்தது என்பதற்குரிய மூலப் பத்திரங்கள், பட்டா, ரிஜிஸ்தர் ஆபீசில் பெற்ற வில்லங்க சர்ட்டிபிகேட், பாகப் பிரிவினையானால் அதற்குரிய தஸ்தாவேஜு ஆகியவற்றைப் பரிசீலித்தது. அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டாக நிற்கும் பட்டாவும், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட நிலமும் அநேக மனுக்களைத் தாமதப்படுத்துபவை. ஏல நாள் குறித்த பிறகு இவற்றைத் தேடத் தொடங்குவதில் பயனில்லை.

நிலத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் கடன் கொடுப்பதில்லை என்பது பொது விதி. 2,000 ரூபாய் பெறும் நிலத்துக்கு 1,000 ரூபாய் வரைதான் கிடைக்கும். கடன் 1,500 ரூபாயாக இருந்தால் மிகுதி 500-க்கு என் செய்வது? அதற்கு வழிகள் இரண்டே. கடன் கொடுத்தவர் சம்மதித்துத் தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அன்றி, நிலத்தில் ஒரு பகுதியை விற்று மிகுதியை அடைக்க வேண்டும். நிலத்தை விற்கச் சம்மதியாத விவசாயி, பின்னர் ஏலத்தில் முழு நிலத்தையும் குறைந்த விலைக்கு இழப்பதுண்டு. நல்ல விலைக்கு வாங்குபவரைத் தேடி, தாமே முன்கூட்டி அரை ஏக்கர் விற்பவர் மற்ற நிலத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

எல்லாக் கடன்களையும் ஒருங்கே தெரிவிப்பதும் அவசியம். ஈட்டுக் கடனை மாத்திரம் சொல்லி, கைமாற்றையும் பிராமிசரி நோட்டையும் மறைத்தவர், பாங்கித் தவணையும் நோட்டு வட்டியும் சேர்ந்து நெருக்க, இரண்டாம் வருஷமே தவறிப்போவார். மறைத்த கடன் பாங்கியை ஏமாற்றுவதைவிட மறைத்தவரையே அதிகமாக ஏமாற்றும்.

குடியிருக்கும் வீட்டைப் பற்றி

1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, விவசாயி குடியிருக்கும் வீட்டைச் சாதாரணக் கடன் டிக்ரிக்காக ஜப்தி செய்ய முடியாது. இப்பாதுகாப்பு ஏழை விவசாயிக்குப் பெரிய அரண். ஆனால் வீட்டையே ஈடாக எழுதிக் கொடுத்தவரின் நிலை வேறு. ஈட்டு டிக்ரி பெற்றவர் ஜப்தி செய்ய வேண்டிய அவசியமின்றியே, ஈடு வைத்த சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவருகிறார். ஆகவே நிலக் கடனின் நெருக்கடியில் ‘வீட்டையும் சேர்த்து எழுதிக் கொடு, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கிறேன்’ என்று கேட்கப்படும்போது நன்கு யோசிக்க வேண்டும். ஒரு வருஷ வாய்தாவுக்காக ஆயுள் முழுவதுக்கும் உள்ள அரணைக் கொடுத்துவிடலாகாது.

தவணை தவறினால் நேர்வது

1934-ஆம் வருஷத்துச் சட்டம் நில அடமான பாங்கிகளுக்கு விசேஷ அதிகாரங்களைக் கொடுத்தது. தவணை தவறினால் விளைந்த பயிரைப் பறிமுதல் செய்யலாம். கோர்ட்டுக்குப் போகாமலே நிலத்தை விற்கவும் ஏற்பாடு உண்டு. லேவாதேவிக்காரர் வழக்குத் தொடுத்து, டிக்ரி பெற்று, ஏலத்துக்குக் கொண்டுவர வருஷங்கள் செல்லும். பாங்கிக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. டிபெஞ்சர் வாங்கியவர்களுக்குக் குறித்த நாளில் வட்டி கொடுத்தால்தான் குறைந்த வட்டிக்குப் பணம் வரும் என்பதே இக்கடுமைக்குக் காரணம். ஒருவர் தவறுவது, அடுத்து வரும் அங்கத்தினரின் வட்டியை ஏற்றுவதாகும்.

ஆதலால் தவணைத் தொகையைப் பொன்னான வருஷத்து விளைச்சலை வைத்து நிர்ணயிக்கலாகாது. மழை பொய்த்த வருஷம், விலை விழுந்த வருஷம், நல்ல வருஷம் மூன்றையும் சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும். குடும்பச் செலவும் சாகுபடிச் செலவும் போக மிஞ்சுவது தவணைக்குப் போதாவிட்டால், கடன் மாற்றத்துக்கு முன் நிலத்தில் ஒரு பகுதியை விற்பதே உத்தமம்.

எட்டாமற் போனவர்கள்

இத்திட்டம் எல்லோருக்கும் உதவியது என்று சொல்லுவதற்கில்லை. பட்டாவும் பத்திரமும் உள்ளவருக்கே நில அடமானக் கடன் கிடைத்தது. வாரத்துக்குப் பயிரிட்டவருக்கும், நிலமற்ற கூலியாட்களுக்கும் ஈடு வைக்க ஒன்றுமில்லை. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த நாராயணசாமி நாயுடு யுத்த காலத்துக் கடன் நிலைமையை ஆராய்ந்தார். மாகாணத்துக் கிராமக் கடன் 1939-ல் 272 கோடியாக இருந்து 1945-ல் 218 கோடியாகக் குறைந்ததை அவர் அறிக்கை காட்டியது. விளைபொருள் விலை ஏறியதால் பெரிய நிலக்காரரின் கடன் குறைந்தது. விற்க விளைபொருள் இல்லாத கூலியாளின் கடனோ ஏறியிருந்தது. மொத்தத் தொகை குறைந்ததைக் கண்டு கிராமம் முழுவதும் கடனிலிருந்து மீண்டதாக எண்ணலாகாது என்பதை அவ்வறிக்கை உணர்த்திற்று.

இந்நாளைய ஏற்பாடு

அந்நாளைய நில அடமான பாங்கிகள் பின்னர் நிலவள வங்கிகள் என்றும், அதன்பின் கூட்டுறவு வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கிகள் என்றும் பெயர் மாறின. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகளும் பெருகியுள்ளன. பெயர்களும் சட்டங்களும் மாறினும், மேலே கூறிய வரிசை மாறவில்லை.

மாறும் வட்டியில் தனி நபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கலாகாது என்று ரிஸர்வ் பாங்கி 2012-ல் உத்தரவிட்டது. ஆகவே குறைந்த வட்டி கொடுக்கும் வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்வது எளிது. ஆனால் தவணை ஒழுங்காகக் கட்டிவருபவருக்கே அது எளிது. பலமுறை தவறிய கடனை வேறு வங்கி ஏற்பது அரிது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக் கடன் வகையில் சேர்க்கப்படுகிறது.

2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. விவசாய நிலத்தின் மேலுள்ள ஈடு இச்சட்டத்துக்குப் புறம்பானது, வீடு அப்படியல்ல. முதலில் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அந்நோட்டீஸுக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி அதைப் பரிசீலித்துக் காரணத்துடன் பதில் சொல்லியாக வேண்டும். 2016-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, ஏல விளம்பரம் பிரசுரமாவதற்கு முன் பாக்கி முழுவதையும் செலவுத் தொகையுடன் செலுத்துபவரே சொத்தை மீட்க உரிமையுள்ளவர். இதனால் காலத்தின் அருமை முன்னிலும் அதிகமாயிற்று.

சங்கத்தார் செய்யத்தக்கவை

தவணை தவறும் அங்கத்தினர் வெட்கத்தினால் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். உதவி மிகவும் தேவையான சமயத்தில் அவர் கண்ணுக்கு மறைகிறார். பஞ்சாயத்தார் அவரைத் தேடிப் போய்ப் பேசுவது தகும். பின்வரும் காரியங்களில் அவருக்குத் துணை செய்வது சங்கத்தின் கடமையாகும்.

முதலாவது, வாங்கிய தொகை, வாங்கிய தேதி, கட்டிய தொகைகள், புதுப்பித்த பத்திரங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதச் செய்தல். ரசீது இல்லாத கணக்கு கணக்காகாது என்பதை எடுத்துரைத்தல்.

இரண்டாவது, வங்கியில் எழுத்துமூலமான கணக்கு விவரம் கேட்டுப் பெற்று, அபராத வட்டியும் இதர செலவும் எவ்வளவு சேர்ந்துள்ளன என்று பார்த்தல்.

மூன்றாவது, கடன் கொடுத்தவரோடு தொகையைப் பேசி முடித்து, முடிவை எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே புதுக் கடனுக்கு மனுச் செய்தல்.

நான்காவது, புதுத் தவணை மூன்று வருஷச் சராசரி வருமானத்துக்குள் அடங்குகிறதா என்று கணக்கிடுதல்.

ஐந்தாவது, கடன் மாறியவுடன் பழைய பத்திரம் ரத்தாகி, அது வில்லங்க சர்ட்டிபிகேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்தல். பணம் கொடுத்தும் பத்திரத்தைத் திரும்பப் பெறாதவர் மறுபடியும் வழக்குக்கு இழுக்கப்பட்டதுண்டு.

ஆறாவது, மீட்ட சொத்தின் மேல் மறுபடி ஈடு எழுதாதிருத்தல். கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் திரும்பவும் எழுதிக் கொடுத்தால் இருபது வருஷ உழைப்பும் வீணாகும்.

மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களில் ஒரு குடும்பத்துக்கு வீடும் இரண்டு ஏக்கர் நிலமுமே பெரும்பாலும் முழு ஆஸ்தி. அது ஒருமுறை ஏலத்தில் போனால் அடுத்த தலைமுறை கூலிக்குப் போகும். நோட்டீஸ் வந்த பின் ஓடுவதைவிட, முதல் தவணை தவறிய மாதத்திலேயே கணக்குத் தாளுடன் சங்கத்துக்கு வருபவருக்கே எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன.